கண்ணாடிமேல் தோடி

சங்கீதத்தைக் கண்ணால் பார்க்க முடியுமா என்று ஒருவர் கேட்டால், முதலில் அவருடைய தேக ஆரோக்கியத்தைப் பற்றி விசாரிப்பதுதான் உலக வழக்கம். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டவர்களுடைய ஜாபிதாவைப் பார்த்தால் நமக்குக் கொஞ்சம் மரியாதை உண்டாகும். நியூட்டன் 1704-ஆம் வருஷத்தில் வெளியிட்ட தமது ஒளி நூலில் வானவில்லை ஏழு நிறமாகப் பங்கிட்டபோது, சங்கீதத்தின் ஏழு ஸ்வரங்களை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அந்தப் பங்கீட்டைச் செய்தார். நம் நாட்டில் ராஜஸ்தானத்திலும் பஹாரி சமஸ்தானங்களிலும் தக்காணத்திலும் இருந்த சித்திரக்காரர்கள் ராகங்களைப் புருஷர்களாகவும் ஸ்திரீகளாகவும் பாவித்து, ராகமாலை என்று படம் படமாக எழுதி வைத்தார்கள். காண்டின்ஸ்கி என்னும் ருஷ்யச் சித்திரக்காரர் 1911 ஜனவரியில் மியூனிக் நகரத்தில் ஷேன்பர்க்கின் கச்சேரியைக் கேட்டுவிட்டு வந்து, ஒரு கறுப்புப் பியானோவும் அதைச் சூழ்ந்து பெருகி வரும் மஞ்சள் நிறமுமாக ஒரு படம் எழுதினார். அந்தப் படத்தை இன்றைக்கும் அந்த ஊரிலேயே பார்க்கலாம்.

இப்பேர்ப்பட்டவர்களுக்கு நடுவில், ஒன்பதாம் வகுப்புக்குப் பௌதிகம் போதிக்கிற ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எனக்குத் தூரிகை பிடிக்க வராது. பாடவும் வராது, குளிக்கும்போது பாடுவதைக்கூட எங்கள் வீட்டில் தடை செய்திருக்கிறார்கள். என்னிடம் இருப்பதெல்லாம் ஒரு பழைய ஸ்கானர் யந்திரமும், கேட்ட சங்கீதத்தைச் சும்மா விட்டுவிட முடியாத ஒரு மனசும்தான். கடந்த மூன்று வருஷமாக அந்த யந்திரத்தின் கண்ணாடியின்மேல் ராகங்களை ஏற்றிப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

ஸ்கானரைப் பற்றி யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆதார் அட்டை, ரேஷன் அட்டை, மதிப்பெண் சான்றிதழ், ஜாதிச் சான்றிதழ் ஆகிய நான்கும் உள்ள வரையில் அந்த யந்திரத்துக்கு அழிவே கிடையாது. இவ்வளவு உத்தியோகப் பற்றுள்ள யந்திரத்துக்குள் ஒரு கலைஞன் ஒளிந்திருக்கிறான் என்று சொன்னால் நம்புவது கஷ்டம். ஆயினும் அது வேலை செய்கிற விதத்தைச் சற்றுக் கூர்ந்து கவனித்தால் விஷயம் விளங்கும்.

புகைப்படக் கருவி கண்ணிமைக்கும் நேரத்தில் முழுப் படத்தையும் விழுங்கிவிடுகிறது. ஸ்கானர் அப்படியல்ல. கண்ணாடிக்கு அடியில் ஒரு விளக்கு, தலைப்பக்கத்திலிருந்து கால்பக்கம் வரையில் மெள்ள ஊர்ந்து செல்கிறது. தனக்கு நேர் மேலே உள்ள ஒரே ஒரு வரியை மட்டும் பார்த்து எழுதிவிட்டு, அடுத்த வரிக்கு நகர்கிறது. சாதாரண ஏ4 காகித அளவில், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் படம் எடுத்தால், மொத்தம் 3508 வரிகள். முதல் வரி எழுதப்பட்ட நேரம் வேறு. கடைசி வரி எழுதப்பட்ட நேரம் வேறு. என்னுடைய யந்திரத்தில் இந்த இரண்டுக்கும் நடுவில் 14 விநாடி கழிகிறது. புள்ளிகளை இரட்டித்து 600 ஆக்கினால் 40 விநாடி. அதாவது, அந்தப் படத்தில் மேலிருந்து கீழே போவது இடத்தின் வழியாகப் போவது மட்டுமல்ல, காலத்தின் வழியாகவும் போவதாகும். எங்கள் அக்கா வாசிக்கிற காலப்பிரமாணத்தில், ஆதி தாளத்தில் இரண்டு களை ஆவர்த்தம் நான்கு அந்த 40 விநாடிக்குள் அடங்கிவிடும்.

கண்ணாடியின்மேல் வைத்த பொருள் அசையாமல் இருந்தால், வைத்தது வைத்தபடி பதிவாகும். விளக்கு ஊர்ந்து வருகிறபோது பொருளை அசைத்தால் வேடிக்கை ஆரம்பமாகிறது. விளக்கு போகிற திக்கிலேயே ஒரு மல்லிகையை நகர்த்தினால் அது வெள்ளைக் கொடியாக நீண்டுவிடும். எதிர்த் திக்கில் நகர்த்தினால் குறுகிச் சுருங்கிப் போகும். தலையிலிருந்து கால்வரை நேராகக் கிடத்திய ஒரு நூலைப் பக்கவாட்டில் இப்படியும் அப்படியும் ஆட்டினாலோ, அது அலை அலையாக நெளிந்து பதிவாகும். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களையும் யந்திரம் தனித்தனியே பார்ப்பதால், வேகமாக அசைந்த பொருளின் ஓரத்தில் வானவில் கரை கட்டிக்கொள்ளும். ஆபீஸில் இதைப் பிழை என்று கிழித்துப் போடுவார்கள். நான் இதற்காகத்தான் யந்திரத்தை வாங்கினேன்.

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் பிடித்ததென்று நினைக்க வேண்டாம். செஸ்டர் கார்ல்ஸன் 1938 அக்டோபர் 22-ஆம் தேதி நியூயார்க்கில் அஸ்டோரியா என்னும் பகுதியில், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டின் உதவியால் அன்றைய தேதியையும் அந்த இடத்தின் பெயரையும் காகிதத்தில் நகலெடுத்தார். அதன் சந்ததிதான் பின்னால் வந்த ஜெராக்ஸ் யந்திரம். 1957-இல் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் அமெரிக்க அரசாங்கத்தின் அளவை நிலையத்தில் உருளை ஸ்கானர் ஒன்றை அமைத்து, கைக்குழந்தையான தம் மகனுடைய புகைப்படத்தை நீளத்தில் 176, அகலத்தில் 176 புள்ளிகளாக்கிக் கம்ப்யூட்டருக்குள் செலுத்தினார். யந்திரத்துக்கு முதல் முதலாகக் காட்டுவதற்கு அவருக்குத் தம் பிள்ளையின் முகந்தான் தோன்றிற்று என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பிறகு 1970-இல் சிகாகோ கலைப் பள்ளியில் ஸோனியா லாண்டி ஷெரிடன் என்ற அம்மையார், நகல் யந்திரங்களையே தூரிகையாகக் கொண்டு படம் செய்வதற்கு ஒரு தனிப் பாடத்திட்டம் தொடங்கினார். ஆகவே வித்தைக்குப் பரம்பரை உண்டு. என்னைப் போன்ற கடைசி வாரிசுக்குத்தான் யோக்கியதை போதாது.

யந்திரம் வாங்குவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இப்போது விற்கிற மெல்லிய ஸ்கானர்களுக்குக் கிட்டப் பார்வை அதிகம். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிற பொருள்தான் அவற்றுக்குத் தெளிவாகத் தெரியும். பெட்டிபோல் கனமாக இருந்த பழைய ரகத்தில் உள்ளே கண்ணாடிகளும் லென்ஸும் இருந்தன. அவை சில அங்குல உயரம் வரையில் பார்க்கும். சென்னை ரிச்சி தெருவில் அப்படி ஒன்றைத் தேடிப் பிடித்து 700 ரூபாய்க்கு வாங்கினேன். கடைக்காரர், "ஸார், இது ரொம்ப ஸ்லோவா ஓடும், வேண்டாம்" என்று நல்லெண்ணத்துடன் தடுத்தார். மெதுவாக ஓடுவதுதான் எனக்கு வேண்டும் என்று நான் சொன்னதும் அவர் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. பணத்தை எண்ணிப் பெட்டியில் போட்டுக்கொண்டார்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் அக்கா என்னைவிட ஒன்பது வயசு மூத்தவள். பத்தாவது வயசிலிருந்து வீணை வாசித்தவள். பெரிய சபைகளில் ஏறியவள் அல்ல. கோவிலில் நவராத்திரியின்போதும், உறவினர் வீட்டு விசேஷங்களிலும் வாசிப்பாள். மற்ற நாட்களில் விடியற்காலையில் தனக்காக வாசிப்பாள். நான் தூக்கம் விழித்த காலைகளிலெல்லாம் அந்த வீணை எனக்கு முன்பே விழித்துக்கொண்டிருந்தது. 2017-ஆம் வருஷத்தில் ஒரு விஷ ஜுரத்துக்குப் பிறகு அவளுக்குக் காது மந்தமாயிற்று. ஒரு வருஷத்துக்குள் முழுவதும் போய்விட்டது. காதுக் கருவி வைத்துப் பார்த்தோம். பேச்சு, சந்தையில் எழும் இரைச்சலைப்போல் வந்தது. வீணை தகரத்தைத் தட்டுவது போல் வந்தது. உட்செவியில் கருவி பொருத்துவதைப் பற்றி டாக்டர் விவரமாகச் சொன்னார். அது பேச்சை உத்தேசித்து ஏற்பட்ட கருவி என்றும், கமகத்தின் நுட்பத்தை அதனிடம் எதிர்பார்ப்பதற்கில்லை என்றும் அவர் ஒளிக்காமல் கூறியதும் அக்கா, "பேச்சுக்கு எனக்குக் கண் இருக்கிறது" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டாள். அன்று முதல் வீட்டில் நாங்கள் அவளிடம் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறோம்; அவள் வாயால் பதில் சொல்கிறாள். வீணைக்கு உறை போட்டுவிட்டாள்.

1998-இல் வீட்டுக் கூடத்தில் அவள் வாசித்த தோடி ஆலாபனை ஒன்று காஸெட்டில் இருந்தது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தேன். அவளுக்குக் கேட்காத காலத்தில் நான் அதை ஒளித்து வைத்துக்கொண்டு கேட்பேன். பசித்தவர் எதிரில் சாப்பிடுவதுபோல் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தில்தான், இதை அவளுக்குக் காட்ட வழியுண்டா என்ற எண்ணம் எனக்கு உதித்தது.

முதலில் செய்தது நூல் படம். ஒரு கறுப்பு அட்டையில் ஜரிகை இழை ஒன்றை நேராக ஒட்டி, கண்ணாடியின்மேல் தலைகால் வாட்டமாகக் கிடத்தினேன். அறையை இருட்டாக்கினேன். ஸ்கானரின் மூடியைத் திறந்து வைத்துவிட்டால், பொருள் இல்லாத இடத்திலிருந்து ஒளி திரும்பி வராது. பின்னணி அமாவாசைபோல் கறுத்துவிடும். பிறகு ஆலாபனையை ஓட விட்டு, ஸ்வரம் உயர்ந்தால் அட்டையை வலப்பக்கமும் தாழ்ந்தால் இடப்பக்கமுமாக நகர்த்தினேன். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கிற ஸ்வரமா? ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையில் ஊசலாடிக்கொண்டேயிருக்கும். இருபது தரம் முயன்ற பிறகு, கறுப்பு வானத்தில் பொன் அலையாக அந்தக் காந்தாரம் நெளிந்து இறங்குகிற படம் ஒன்று கிடைத்தது. அச்செடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் கொடுத்தேன். சிலேட்டில், "உன் தோடி" என்று எழுதினேன்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். கட்டை விரலால் அலையை மேலிருந்து கீழ்வரை தடவினாள். பிறகு சொன்னாள்: "இது வீணையில் கை செய்கிற காரியம்டா. தந்தியை இழுக்கிறேன், விடுகிறேன். சரியாய்த்தான் இருக்கிறது. ஆனால் தோடி எங்கே?"

வீணை வாசிக்கிறவர்களுக்கு இது உடனே விளங்கும். இடது கை விரல், மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஸ்வரம் உயர்கிறது. என் அட்டையும் பக்கவாட்டில்தான் ஆடிற்று. ராகத்தின் நடமாட்டம் காகிதத்தில் வந்திருந்தது. ராகத்தைக் கேட்டால் நெஞ்சில் உண்டாகிற கனம் வரவில்லை. பௌதிக ஆசிரியன் என்ற முறையில் அந்தப் படத்துக்காக நான் வாதாட விரும்புகிறேன். அளவை என்பதும் ஒரு வகை பக்திதான். ஆனால் வாதத்தின் பலவீனம் எனக்கே தெரியும். கிளாட்னி என்ற ஜெர்மானியர் தகட்டின்மேல் மணலைத் தூவி, ஓரத்தில் வில்லை இழுத்து, ஒலியே கோலம் போடும்படி செய்து 1787-இல் நூல் எழுதினார். எங்கள் பள்ளிக்கூடத்தில் வருஷந்தோறும் அதைச் செய்து காட்டுகிறேன், பிள்ளைகள் ஆரவாரிக்கிறார்கள். அந்த மணல் அதிர்வை அறியும். முகாரி கேட்டு ஒரு தரமும் அது அழுததில்லை.

ஆகையால் நிறத்தைப் பிடித்துக்கொண்டேன். நாட்டிய சாஸ்திரத்தில் பரதர் ஒவ்வொரு ரஸத்துக்கும் ஒரு வர்ணம் விதித்திருக்கிறார். சிருங்காரத்துக்குச் சியாமம், ஹாஸ்யத்துக்கு வெண்மை, ரௌத்திரத்துக்குச் சிவப்பு. கருணரஸத்துக்கு அவர் சொல்வது புறாவின் நிறம். துக்கம் என்றால் கறுப்பு என்று நாம் வழக்கமாக நினைப்போம். அவர் சாம்பல் பூத்த புறாவைக் காட்டுகிறார். பயத்துக்குத்தான் அவர் கறுப்பைக் கொடுத்தார். இந்த ஒரு வேறுபாட்டைப் பற்றி நான் பல நாள் யோசித்திருக்கிறேன். கண்ணாடியின்மேல் ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன்மேல் விபூதியைத் தூவி, முகாரி ஓடுகையில் ஒரு மயிலிறகின் காம்பால் அதை மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனேன். விளக்குக் கீழே வந்துகொண்டிருந்தது. விபூதி விலகிய இடத்தில் இருட்டும் குவிந்த இடத்தில் சாம்பலும் பதிந்தன. நீலாம்பரிக்கு என் பெண் குழந்தையாக இருந்தபோது கட்டிய தூளியின் துணி. மோகனத்துக்கு ஐந்தே பொருள்கள். அந்த ராகத்துக்கு ஐந்தே ஸ்வரமல்லவா? மஞ்சள் தண்ணீர் ஒரு தரம் தாளைத் தாண்டிக் கண்ணாடியின் இடுக்கில் இறங்கி, ஒரு வாரம் எங்கள் வீட்டில் ஆதார் நகலெல்லாம் மங்களகரமாக வந்தன.

இந்தப் படங்களில் சிலவற்றை அக்கா ஒப்புக்கொண்டாள். எப்படி ஒப்புக்கொள்வாள் என்றால், ராகத்தின் பெயரை நான் சொல்லாமல் படத்தை மட்டும் முன்னால் வைப்பேன். அவள் பார்த்துவிட்டுப் பெயர் சொல்ல வேண்டும். இது பரீட்சை அவளுக்கல்ல, எனக்கு. நாற்பது படத்தில் ஒன்பதுக்குச் சரியாகச் சொன்னாள். விபூதிப் படத்தைப் பார்த்தவுடன், "முகாரி" என்றாள். தூளித் துணியைப் பார்த்துவிட்டு, "துணியைப் பார்த்தால் யாருக்குத்தான் நீலாம்பரி தெரியாது? இது செல்லாது" என்று தள்ளிவிட்டாள். அது நியாயமான தீர்ப்பு. பொருளின் அர்த்தத்தைக் கொண்டு ஜெயிப்பது சுலபம். ராகமாலைக்காரர்களும் அதைத்தான் செய்தார்கள்: தோடி ராகிணி என்றால், கையில் வீணையுடன் ஒரு பெண், அவளைச் சுற்றி மான்கள். (வடக்கத்தியத் தோடி நம் தோடியன்று, அதன் ஸ்வரங்கள் நம் சுபபந்துவராளியினுடையவை. மான்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்குமோ என்னவோ!) மானையும் பெண்ணையும் எடுத்துவிட்டு, மிச்சமிருக்கிற நிறத்தையும் கோட்டையும் கொண்டு ராகத்தைச் சொல்ல முடியுமா என்பதுதான் காண்டின்ஸ்கி தமக்கு வைத்துக்கொண்ட கேள்வி. கேள்வி இன்னும் தீர்ந்தபாடில்லை.

போன ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் மழை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். நான் இருட்டறையில் தோடிக்காக ஏதோ செய்துகொண்டிருந்தேன். மயிலிறகு, ஜரிகை, வில்வ இலை எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தேன். அக்கா உள்ளே வந்தாள். எல்லாவற்றையும் கையால் ஒதுக்கித் தள்ளினாள். கண்ணாடியைப் புடைவைத் தலைப்பால் துடைத்தாள். இடது கையின் இரண்டு விரல்களைக் கண்ணாடியின்மேல் வைத்து, "ஓட்டு" என்றாள்.

நான் 600 புள்ளியில் வைத்து விசையைத் தட்டினேன். பாட்டு ஒன்றும் ஓடவில்லை. ஓடினாலும் அவளுக்குப் பிரயோஜனமில்லை. விளக்கு அவளுடைய விரல்களுக்கு அடியில் வந்ததும் விரல்கள் நகர ஆரம்பித்தன. விளக்கின் வேகத்துக்கு இசைந்து அவளும் இறங்கினாள். இழுத்தாள்; விட்டாள்; ஓரிடத்தில் அப்படியே நின்றாள். நின்ற இடத்தில் நகத்தின் நுனி வெளுக்கும்படி அழுத்தினாள். எனக்கு அறையில் மழைச் சத்தமும் யந்திரத்தின் முனகலும்தான் கேட்டன. அவளுக்கு என்ன கேட்டது என்று நான் எப்படிச் சொல்வேன்? 40 விநாடி கழிந்து விளக்கு நின்றபோது, அவள் தலை லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

திரையில் வந்த படத்தில் விரல்கள் விரல்களாக இல்லை. தாழம்பூ மடல்போல் நீண்ட இரண்டு வெளிச்சங்கள் ஒன்றையொன்று தழுவியும் விலகியும் இறங்கின. அவள் அழுத்தி நின்ற இடங்களில் ரத்தம் விலகித் தோல் வெளுத்திருந்தது. விட்ட இடங்களில் சிவந்திருந்தது. ஓரங்களில் பச்சையும் நீலமும் கோடு கட்டியிருந்தன. ரேகைகள் ஆற்று மணலின் வரிகளைப்போல் நீண்டு கிடந்தன. என் இருபது ஜரிகை அலைகளையும் அதன் பக்கத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவளோ என் ஜரிகைப் படத்தைத்தான் கொண்டுவரச் சொன்னாள். இரண்டையும் மேஜையில் பக்கம் பக்கமாக வைத்து, ஆசிரியர் விடைத்தாள் திருத்துவதுபோல் விரலால் தடவிக்கொண்டு போனாள். ஜரிகைப் படத்தில் பாதிக்குக் கீழே ஓரிடத்தில் நிறுத்தினாள். "இங்கே அவசரப்பட்டிருக்கிறதே. காந்தாரத்தில் இன்னும் நின்றிருக்க வேண்டும். இந்த அவசரம் அன்றைக்கு நான் வாசித்ததிலேயே இருக்கிறதா, அல்லது உன் கை அவசரமா?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் படம் அவளுடைய வாசிப்பும் அதைக் கேட்ட என் காதும் சேர்ந்து செய்தது. எது எங்கே முடிகிறது என்று நான் எண்ணிப் பார்த்ததேயில்லை. காதுக் குழலை மாட்டிக்கொண்டு 1998-ஆம் வருஷத்துத் தோடியை அந்த இடத்தில் மூன்று தரம் கேட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிலேட்டை எடுத்து, "உன்னுடையதுதான்" என்று எழுதினேன்.

"நினைத்தேன்" என்றாள் அக்கா. "இருபத்தெட்டு வயசில் எல்லாவற்றுக்கும் அவசரம்." பிறகு மறுபடியும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, அந்தப் பிடியை மட்டும் இரண்டு தரம் விரலால் வாசித்துக் காட்டினாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள்தான் யந்திரத்தின் முன்னால் உட்காருகிறாள். விசையைத் தட்டுவது என் உத்தியோகம். இதுவரை 31 படங்கள் ஆகியிருக்கின்றன. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் ராகத்தின் பெயரையும் தேதியையும் பென்ஸிலால் எழுதி, பழைய ஸ்வர நோட்டுப் புத்தகத்திலேயே செருகி வைக்கிறாள். ஸஹானா இரண்டு தரம் எடுத்தும் அவளுக்குத் திருப்தியில்லை. விளக்கு அந்த ராகத்துக்குச் சற்று வேகமாகப் போகிறதாம். 1200 புள்ளியில் வைத்தால் இரண்டு நிமிஷத்துக்குமேல் ஆகும் என்று எழுதிக் காட்டியிருக்கிறேன். வருகிற வாரம் அப்படி ஓட்டிப் பார்க்கப் போகிறோம்.